சிறுவர்க்கான கலை ஆவணத் தொடர்: ஓர் எபிசோடைத் திட்டமிட்டு எடுத்து முடிக்கும் வழிமுறை

எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுவர்களுக்கு ஒரு கலையை அறிமுகப்படுத்தும் அரை மணி நேரத் தொலைக்காட்சி ஆவணத் தொடரை முதன்முறையாக எடுக்கப்போகும் சிறு குழுவுக்காக இதை எழுதுகிறேன். சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு முறையில் உலோகச் சிலை செய்யப்படுவதைக் காட்டும் ஓர் எபிசோடையே உதாரணமாகக் கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். வேறு கலைகளில் முறை மாறும் இடங்களை அங்கங்கே சொல்லிச் செல்கிறேன்.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கேமராவில் அல்ல, வேலைகளின் வரிசையில்தான். முதலில் அழகான வர்ணனை ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு, அதற்கேற்ற காட்சியைத் தேடி ஊர் ஊராகப் போகிறார்கள். பெரியவர்களுக்கான படத்தில் இது ஓரளவு ஒப்பேறிவிடும். சிறுவர்களோ காதுக்கு முன்னால் கண்ணை நம்புகிறவர்கள். காட்சியில் இல்லாத ஒன்றைக் குரல் சொல்லிக்கொண்டிருந்தால் அவர்கள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே இந்த வழிமுறையில் வர்ணனை எழுதுவது கிட்டத்தட்ட கடைசி வேலை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அலைவரிசையிடமிருந்து எபிசோடின் நிகர நீளத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஒரு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரமும் அலைவரிசையின் சொந்த அறிவிப்புகளும் சேர்ந்து 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதன்படி அரை மணி நேர இடத்தில் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 24 நிமிடம். எத்தனை இடைவேளை என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கதையை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. வாரம் ஒன்றாக ஒரு காலாண்டு ஓட 13 எபிசோட் வேண்டும்.

இயக்குநர், இரண்டு ஒளிப்பதிவாளர்கள், ஒலிப்பதிவாளர், படத்தில் வரும் சிறுவரைக் கவனிப்பதற்கென்றே ஒருவர் என ஐந்து பேர் போதும். செலவைக் குறைக்க நினைக்கும் குழு முதலில் வெட்டுவது ஒலிப்பதிவாளரைத்தான், வெட்டக் கூடாததும் அவரைத்தான். பட்டறையின் சத்தங்கள் பாதிக் கதையைச் சொல்லிவிடும். அவற்றைப் பிறகு ஸ்டுடியோவில் செய்து ஒட்டினால் போலியாகத்தான் இருக்கும்.

கேமராக்களில் ஒளி அளவையும் வெண்சமநிலையையும் (நிறத்தைச் சரியாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ்) கையால் பூட்டி வைக்கும் வசதி இருக்க வேண்டும். அதன் காரணம் ஆறாம் படியில் வருகிறது. இவற்றோடு சட்டை மைக், பூம் மைக், ஹெட்போன், முக்காலி, இரண்டு ஹார்டு டிஸ்க் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. ஓர் எபிசோடுக்கு ஒரு செயல்

“சோழர் காலச் செப்புத் திருமேனிகள்” என்பது எபிசோடுக்கான பொருள் அல்ல, நூலுக்கான பொருள். “மெழுகில் செய்த உருவம் எப்படி உலோகமாக மாறுகிறது?” என்பதே எபிசோடுக்கான பொருள். அதற்கு ஒரு தொடக்கம் இருக்கிறது, முடிவு இருக்கிறது, நடுவில் என்ன ஆகுமோ என்ற பதைப்பும் இருக்கிறது.

மற்றக் கலைகளுக்கும் இதே அளவுகோலைப் பயன்படுத்தலாம். தெருக்கூத்து என்றால், மாலையில் சாதாரணச் சட்டையோடு வந்து உட்காரும் ஒருவர் முகப்பூச்சு, கிரீடம், புஜக்கட்டை எல்லாம் அணிந்து திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனனாக வெளிவரும் வரை நடப்பதை மட்டும் எடுங்கள். விடியும் வரை நடக்கும் கூத்து முழுவதையும் 24 நிமிடத்தில் சுருக்க முயன்றால் ஒரு கூட்டம் ஆடியது என்பதற்கு மேல் எதுவும் பதியாது. நாதஸ்வரம் என்றால், நரசிங்கம்பேட்டையில் பழைய வீட்டிலிருந்து கழற்றி வந்த ஆச்சா மரத்துண்டு கடைசலில் ஏறித் துளையிடப்பட்டு முதல் ஒலியை எழுப்பும் வரை எடுங்கள்.

தேர்ந்தெடுத்த செயலை ஒரே வாக்கியத்தில், கேள்வியாக எழுதிப் பாருங்கள். “மேலும்” என்ற சொல் இல்லாமல் அதை எழுத முடியாவிட்டால் உங்களிடம் இரண்டு எபிசோடுக்கான பொருள் இருக்கிறது.

3. கேமரா இல்லாமல் முதல் பயணம்

முதல் முறை போகும்போது கேமராவை எடுத்துச் செல்லாதீர்கள். கேமராவைப் பார்த்ததும் சிலை செய்யும் ஸ்தபதி வேலையை விட்டுவிட்டு விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார். உங்களுக்குத் தேவையானது அவருடைய வேலையின் இயல்பான வேகம். ஒரு நோட்டும் கடிகாரமும் போதும்.

ஒவ்வொரு படிக்கும் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு நேரம் பிடிக்கிறது, திரும்பச் செய்து காட்டச் சொல்லிக் கேட்க முடியுமா, பக்கத்தில் நிற்பது பாதுகாப்பானதா. சுவாமிமலை வார்ப்பில் இந்தக் குறிப்பு ஏறத்தாழ இப்படி அமையும். தென்னை ஓலை நறுக்கை மடித்து உருவத்தின் அளவுகளைக் குறிப்பது சில நிமிட வேலை, எத்தனை முறை வேண்டுமானாலும் செய்து காட்டுவார்கள். தேன்மெழுகோடு குங்கிலியம் என்ற மரப்பிசினும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடிப்பது நாள்கணக்கில் நடக்கும். அதில் ஒரு விரலையோ ஒரு நகையையோ ஒட்டுவதை மட்டும் திரும்பச் செய்யச் சொல்லலாம். காவிரியின் வண்டல் மண்ணைக் குழைத்து முதல் பூச்சுப் பூசி நிழலில் உலர்த்துவதும், அதன்மேல் மணல் கலந்த மண்ணை அடுத்தடுத்து அப்புவதும் மெதுவான வேலை. உலரும் காலத்தை அவசரப்படுத்த முடியாது. வறட்டி அடுக்கி அச்சைச் சூடாக்கி மெழுகை வெளியேற்றுவதும், மூசை என்ற உருக்கும் கலத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவதும் ஒரே ஒரு முறைதான் நடக்கும். நடுத்தர அளவுள்ள சிலைக்கு உலோகம் ஊற்றுவது ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். “இன்னொரு டேக்” என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. பிறகு ஆறவிட்டு மண் அச்சை உடைப்பதும் ஒரே முறைதான். அரத்தால் ராவுவதும் உளியால் நுணுக்க வேலை செய்வதும் நீண்ட நாட்கள் தொடரும், ஆகவே அவற்றை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

படப்பிடிப்புத் தேதியை இந்தக் குறிப்பே தீர்மானிக்க வேண்டும். உலோகம் ஊற்றும் நாளைக் கேட்டு வாங்கி அதைச் சுற்றி மற்ற நாட்களை அமையுங்கள். குழுவுக்கு வசதியான நாளில் போய் இறங்கி, “இன்றைக்கு ஏதாவது வார்ப்பு இருக்கிறதா?” என்று கேட்பவர்கள் ராவும் காட்சியோடு மட்டும் திரும்பி வருகிறார்கள்.

4. கேள்விகளைச் சிறுவர்களிடமிருந்து எடுத்தல்

குறிப்பை வைத்துக்கொண்டு கதையை எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். அந்தக் கலையைப் பார்த்தே இராத சில சிறுவர்களிடம் இரண்டு மூன்று புகைப்படங்களை விளக்கமில்லாமல் காட்டி, அவர்கள் கேட்பதையெல்லாம் அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

எந்தப் படத்தைக் காட்டுவது என்பது முக்கியம். தஞ்சாவூர் அரண்மனையிலுள்ள கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து கிடைத்த ரிஷபவாகனர் திருமேனி இருக்கிறது. 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சிவன் ஒரு காலை மாற்றி ஊன்றி ஒயிலாக நிற்கிறார், பாம்பு சுற்றிய தலைமுடி தலைப்பாகை போல் இருக்கிறது, ஒரு கை வெற்றிடத்தில் எதன்மீதோ சாய்ந்திருப்பது போல் நீண்டிருக்கிறது. அந்தக் கைக்குக் கீழே இருந்த காளை இப்போது இல்லை. பெரியவர்கள் சிலையின் அழகைப் பேசுவார்கள். சிறுவர்களின் கண்ணோ அந்தக் கையில் போய் நிற்கும். “அவரு எது மேல கை வச்சிருக்காரு?” என்ற கேள்வியில் எபிசோடைத் தொடங்கினால், அந்தக் கை எப்படி அவ்வளவு இயல்பாக மடங்கியது, உலோகத்தை யார் அப்படி மடக்கினார்கள் என்று பட்டறைக்குள் போக வழி தானாகவே திறக்கிறது.

கிடைத்த கேள்விகளில் மூன்றோ நான்கோ போதும். அவற்றைச் செயலின் வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் விடையாக ஒரு காட்சி இருக்கிறதா என்று பாருங்கள். வாயால் மட்டுமே விடை சொல்ல முடிகிற கேள்வியை ஒதுக்கிவிடுங்கள், அது எவ்வளவு நல்ல கேள்வியாக இருந்தாலும்.

5. அனுமதியும் ஒப்புதலும்

இவற்றைப் படப்பிடிப்புக்கு முன்பே முடித்தாக வேண்டும், ஏனென்றால் ஒரே ஒரு கையெழுத்து இல்லாததால் முடிந்த எபிசோடே ஒளிபரப்பாகாமல் போகலாம்.

படத்தில் 14 வயதுக்குட்பட்ட சிறுவர் பங்கேற்றால், படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழுள்ள விதிகள் சொல்கின்றன. 2017-இல் இந்த விதிகளில் சேர்க்கப்பட்ட பகுதி இது. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, பள்ளிப் படிப்பு தடைபடக் கூடாது. சிறுவருக்குத் தரும் ஊதியத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவர் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். பெற்றோரின் சம்மதத்தோடு சிறுவரின் சம்மதமும் தேவை. இதைச் சடங்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனமில்லாமல் வரும் சிறுவரின் முகம் முதல் காட்சியிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

கோயில் என்றால் அது யார் பொறுப்பில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடத்துக்கு அவர்களிடமும், வழிபாட்டு நிர்வாகத்துக்கு இந்து சமய அறநிலையத் துறையிடமும் பேச வேண்டியிருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் போன்ற இடங்களில் இரண்டும் தேவைப்படும். கருவறைக்குள் கேமரா போகாது என்பதால் பழைய திருமேனிகளைக் காட்ட அருங்காட்சியகங்களையே நாடுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் தஞ்சைக் கலைக்கூடமும் இதற்கு ஏற்றவை. அங்கும் விண்ணப்பமும் கட்டணமும் உண்டு.

கலைஞரிடம் ஒப்புதல் கடிதம் தமிழிலேயே இருக்கட்டும். படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். படப்பிடிப்பால் அவருக்குக் கெடும் வேலை நாளுக்கான தொகையை முன்பே பேசி முடிப்பது மரியாதை. கூத்தோ இசையோ எடுத்தால், நிகழ்த்துபவரின் உரிமை தனி, பாட்டை எழுதியவரின் உரிமை தனி என்பதை மறக்கக் கூடாது. எழுதியவர் காலமாகி 60 ஆண்டுகள் நிறையும் வரை எழுத்துக்குக் காப்புரிமை உண்டு.

6. படப்பிடிப்பு

திரும்ப எடுக்க முடியாதவற்றுக்கே எல்லா ஏற்பாடும் முதலில். எந்த வேலையை எந்த நாளில் எடுத்தாலும், உலோகம் ஊற்றும் நாளில் இரண்டு கேமராவும் ஒரு மணி நேரம் முன்னதாகவே முக்காலியில் நிற்க வேண்டும். ஒன்று பட்டறை முழுவதையும் காட்டும் அகலக் காட்சியில் அசையாமல் நிற்கட்டும். மற்றது அச்சின் வாயை மட்டும் பார்க்கட்டும்.

ஒளி அளவைத் தானியங்கியில் விட்டிருந்தால், பழுத்த உலோகம் சட்டகத்துக்குள் வந்த கணமே கேமரா தானாக இருட்டிக்கொள்ளும்; ஊற்றுபவரின் முகமும் கையும் மறைந்து, கறுப்புத் திரையில் ஓர் ஆரஞ்சுக் கோடு மட்டும் மிஞ்சும். முகத்துக்கும் நெருப்புக்கும் நடுவில் ஓர் அளவைத் தேர்ந்து பூட்டி வையுங்கள், நெருப்பு கொஞ்சம் வெளுத்துப் போனாலும் பரவாயில்லை. வெண்சமநிலையையும் பூட்டாவிட்டால் உலோகத்தின் நிறம் காட்சிக்குக் காட்சி மாறும். நிறத்தைப் பார்த்துத்தான் பதம் தெரிந்துகொள்கிறார்கள் என்று வர்ணனையில் நீங்களே சொல்லப்போகிறீர்கள்! வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் 1/50 என்று வைத்தால் நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் குழல்விளக்கு திரையில் துடிக்காது.

மெதுவான வேலைகளை எடுக்கும்போது ஒரு சிக்கல் வரும். பட்டறையில் பல சிலைகள் பல நிலைகளில் இருப்பதால், மெழுகு நிலையை ஒரு சிலையிலும் வார்ப்பை இன்னொன்றிலும் எடுத்து ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். மெழுகில் நடராஜரைக் காட்டி, உடைத்த அச்சிலிருந்து அம்மனை எடுத்தால் ஒன்பது வயதுப் பிள்ளை “அந்த நடராஜர் எங்கே?” என்று கேட்காமல் விடாது. ஒரே வடிவம், ஏறத்தாழ ஒரே அளவுள்ள சிலைகளைத் தேர்ந்துகொண்டால் மட்டுமே இந்தக் குறுக்குவழி சரிவரும். அதிலும் அச்சு உடைகிற சிலையும் ஊற்றிய சிலையும் ஒன்றாகவே இருக்கட்டும், எபிசோடின் நம்பகம் அந்த இடத்தில் இருக்கிறது.

கையை எடுக்கும் கோணம் பற்றி ஒரு சொல். கலைஞருக்கு எதிரே நின்று எடுத்தால் வலமும் இடமும் மாறித் தெரியும். பார்த்துவிட்டுத் தானும் களிமண்ணில் செய்து பார்க்கும் சிறுவருக்கு அது குழப்பம். அவருடைய தோளுக்கு மேலிருந்து, அவர் பார்ப்பது போலவே எடுங்கள். மெழுகு கரும்பழுப்பாக இருப்பதால் நேர் ஒளியில் தட்டையாகிவிடும்; ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துப் பக்கவாட்டு ஒளியில் எடுத்தால் விரல் நகம் வரை தெரியும். ஒவ்வொரு செயலையும் தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டாமல் ஒருமுறை எடுத்து வைப்பது நல்லது. எங்கே வெட்டுவது என்பதைத் தொகுப்பு மேசையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒலிப்பதிவாளர் பேச்சு இல்லாத நேரத்தில் தனியாக வேலை செய்யட்டும். அரம் ராவும் ஓசை, வறட்டி எரியும் ஓசை, மண் அச்சு உடையும் ஓசை ஒவ்வொன்றையும் ஒரு நிமிடமாவது தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நாதஸ்வரம், தவில், கூத்தின் முகவீணை ஆகியவற்றுக்கு மைக்கைத் தள்ளி வைத்து அளவைத் தாழ்த்துங்கள். ஒத்திகையில் மெதுவாக வாசிப்பவர் நிகழ்ச்சியில் அப்படி வாசிக்க மாட்டார்.

படத்தில் வரும் சிறுவரை எங்கே நிறுத்துவது? உலைக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. அச்சில் ஈரம் மிஞ்சியிருந்தால் உருகிய உலோகம் தெறிக்கும். தேர்ந்த கைகளுக்கே ஆபத்தான வேலை அது. ஊற்றும் நேரத்தில் சிறுவர் பட்டறைக்கு வெளியே இருக்கட்டும். அவருக்குரிய காட்சிகள் மூன்று: மெழுகு உருண்டையைக் கையில் வாங்கிப் பிசைவது, சூடு ஏற்றும் முன் உலர்ந்த மண் அச்சைத் தட்டிப் பார்ப்பது, நன்றாக ஆறிய பிறகு உடைந்த மண்ணுக்குள்ளிருந்து கரடுமுரடான உலோக உருவம் வெளிவருவதைப் பார்ப்பது. சிறுவரை இடையில் வெளியே வைப்பதால் கதைக்கு நட்டமில்லை, அவர் திரும்பி வந்து முதன்முறையாகப் பார்க்கும் முகம் உங்களுக்குக் கிடைக்கிறது. அதற்கு ஒத்திகை பார்த்துவிடாதீர்கள்.

7. கலைஞரைப் பேச வைத்தல்

நாற்காலியில் உட்கார வைத்துப் பேட்டி எடுத்தால் எவரும் மேடைத் தமிழுக்குப் போய்விடுவார்கள். கை வேலையில் இருக்கும்போது கேளுங்கள். கேட்பவர் சிறுவராகவே இருந்தால் இன்னும் நல்லது. “மெழுகு உருகி வெளிய போயிட்டா சாமி காணாமப் போயிடுமே தாத்தா?” என்று ஒரு பிள்ளை கேட்டால், “போகட்டும் கண்ணு. அது விட்டுட்டுப் போற எடத்துலதானே செம்பு போய் உக்காரணும்” என்று வரும் பதில் எந்த வர்ணனையாளரின் விளக்கத்தைவிடவும் தெளிவானது. “மெழுகு வார்ப்பு முறை பற்றிச் சொல்லுங்கள் ஐயா” என்று கேட்டால் இந்தப் பதில் கிடைக்காது.

அவருடைய வட்டார வழக்கைத் திருத்தாதீர்கள். புரியாத தொழிற்சொல் வந்தால் அந்தப் பொருளை அந்தக் கணத்தில் அருகில் காட்டினால் போதும், விளக்கம் தேவையில்லை.

8. தொகுப்பு

முதல் தொகுப்பை வர்ணனையும் இசையும் இல்லாமல், இடத்தின் ஒலியோடு மட்டும் செய்யுங்கள். செயலின் வரிசை அப்படியே இருக்கட்டும். பரபரப்பான உலோகம் ஊற்றும் காட்சியை முன்னால் கொண்டுவந்து “மூன்று வாரத்துக்கு முன்பு” என்று பின்னோக்கிப் போவது பெரியவர்களின் பழக்கம். எதற்குப் பிறகு எது என்று இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும் சிறுவருக்கு அது இடறல்.

இடைவேளையைக் கேள்வியில் நிறுத்துங்கள். மெழுகு முழுவதும் வடிந்து, அச்சு காலியாக இருக்கும் இடம் சுவாமிமலை எபிசோடில் இயல்பான நிறுத்தம்.

9. வர்ணனை

இப்போதுதான் எழுதத் தொடங்க வேண்டும். தொகுத்த படத்தைப் பார்த்து, காட்சி தானே சொல்லிவிடும் இடங்களையெல்லாம் குறித்து அங்கே எழுதாமல் விடுங்கள். மிஞ்சும் இடங்களுக்கு மட்டும் வாக்கியம் தேவை: ஏன் காவிரி வண்டல்? மிக நுண்ணிய மண் என்பதால் மெழுகின் ஒவ்வொரு கோட்டையும் அது பிடித்துக்கொள்கிறது. ஏன் அச்சைச் சூடாக வைத்தே ஊற்றுகிறார்கள்? குளிர்ந்த அச்சில் உலோகம் பாதி வழியிலேயே உறைந்து, விரல் நுனி நிரம்பாமல் போய்விடும். ஏன் ஒவ்வொரு சிலைக்கும் ஒரு புது அச்சு? சிலையை எடுக்கும்போதே அச்சு உடைந்துவிடுகிறது.

“உன்னதமான”, “ஈடு இணையற்ற”, “நம் முன்னோர்களின் அரிய” என்று தொடங்கும் வாக்கியங்களை அடித்துவிடுங்கள். வியக்கச் சொல்லிக் கேட்டு எந்தப் பிள்ளையும் வியப்பதில்லை. ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி, செயல் முடிந்த பிறகு குரல், குரலுக்குப் பின் மூச்சு விட இடம் என்ற ஒழுங்கில் எழுதினால் 24 நிமிடத்துக்கு நீங்கள் நினைத்ததில் பாதிச் சொற்களே செலவாகும்.

10. சோதனைத் திரையிடல்

இறுதி ஒலிக்கலவைக்கு முன்பு, படத்தில் சம்பந்தமில்லாத சில சிறுவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர்களைப் பார்க்க வேண்டும். கண் எங்கே விலகுகிறது, எங்கே பக்கத்துப் பிள்ளையிடம் திரும்பிப் பேசுகிறார்கள் என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் “நல்லா இருந்துச்சா?” என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றே சொல்வார்கள். அதற்குப் பதிலாக, “முதல்ல என்ன செஞ்சாங்க? அப்புறம்?” என்று கேளுங்கள். வரிசையில் எந்தப் படி விடுபடுகிறதோ, அந்தப் படியின் காட்சியில்தான் குறை இருக்கிறது. அதை வர்ணனையால் அடைக்காமல், எடுத்து வைத்திருக்கும் முழு நீளக் காட்சியிலிருந்து இன்னும் சில வினாடிகளைச் சேர்த்துச் சரிசெய்யுங்கள்.

11. ஒப்படைப்பு

இறுதி எழுத்துகளில் வரும் பெயர்களைக் கலைஞரின் வீட்டாரிடமே படித்துக் காட்டிச் சரிபார்க்கவும். தலைப்பெழுத்து மாறிப்போனால் ஒளிபரப்புக்குப் பின் திருத்த வழியில்லை. அலைவரிசை கேட்கும் வடிவில் கோப்பையும், வர்ணனை கலக்காத ஒலித்தடத்தையும் தனித்தனியாகக் கொடுங்கள், வேறு மொழியில் குரல் கொடுக்க அது தேவைப்படும். மூலக் காட்சிகளை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வெவ்வேறு இடத்தில் வையுங்கள். வெட்டாமல் எடுத்த நீண்ட காட்சிகளின் பிரதி ஒன்றைப் பட்டறைக்கும் அனுப்பிவிடுங்கள், 24 நிமிடத்துக்குள் வராத வேலையெல்லாம் அதில்தான் இருக்கிறது.